சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: அதிகம் அறியப்படாத விளையாட்டுகளைப் பார்க்கத் திருகோணமலையிலிருந்து புறப்படுவோருக்கு

கிரிக்கெட் பார்க்கப் புறப்படுபவர் நுழைவுச்சீட்டு என்ன விலை என்றுதான் முதலில் கேட்பார். வழுக்கு மரம் ஏறுவதையோ, எல்லே ஆட்டத்தையோ, தோணி ஓட்டத்தையோ, கிளித்தட்டையோ பார்க்கப் புறப்படுபவருக்கு அந்தக் கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. அங்கே வாசலும் இல்லை, சீட்டுக் கிழிப்பவரும் இல்லை. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நின்று பார்க்கலாம். ஆயினும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு மாமியோடும் போய்வந்த குடும்பத் தலைவர் அன்றிரவு கணக்குப் பார்த்தால், ஓட்டோவுக்கும் குளிர்பானத்துக்கும் பலூனுக்கும் சோற்றுப் பார்சலுக்குமாகச் சில ஆயிரம் ரூபா கரைந்திருப்பதைக் காண்பார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இந்த விளையாட்டுகளுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

திருகோணமலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் மைதானப் பக்கம் போகாதவர்களுக்கும் இந்த வழிகாட்டி உதவும். தொலைக்காட்சியில் வராத விளையாட்டுகள் நேரில் வந்து நிற்கும் சனத்தை நம்பியே நடக்கின்றன. சனம் குறைந்தால் அடுத்த ஆண்டு அந்தப் போட்டியே நிகழ்ச்சி நிரலில் இருந்து போய்விடும். ஆகவே செலவுக்குப் பயந்து ஒருவரும் வராமல் விடக்கூடாது என்பது என் விருப்பம். செலவு எந்த இடத்தில் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் அதைப் பாதியாகக் குறைக்க முடியும்.

முதலில் காலத்தை அறிந்துகொள்ளுங்கள்

திருகோணமலையில் விளையாட்டின் நாட்காட்டியைக் காற்றும் மழையுமே எழுதுகின்றன. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். அப்போது கடலும் கொந்தளிக்கும், மைதானங்களிலும் தண்ணீர் நிற்கும். மழை ஓய்ந்ததும் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கும். அவற்றைச் சாதாரண ஓட்டப்போட்டி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒவ்வோர் இல்லமும் தென்னோலையாலும் கடதாசியாலும் கட்டி நிறுத்தும் அலங்காரக் கூடாரமும், அணிநடையும், இறுதியில் பழைய மாணவரும் பெற்றோரும் வெறுங்காலோடு இறங்கும் கயிறிழுத்தலும் ஒரு புதிய பார்வையாளருக்குச் சிறந்த பாலபாடம்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களே உச்சக் காலம். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து விளையாட்டுக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் போட்டி போட்டுக்கொண்டு விழா நடத்தும். வழுக்கு மரம் ஏறுதல், தலையணைச் சமர், கண்ணைக் கட்டி முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல், பணிஸ் உண்ணுதல், தேங்காய் துருவுதல், கிடுகு பின்னுதல், மரதன் ஓட்டம், சைக்கிள் ஓட்டம் எல்லாம் அப்போதுதான். அதே காலத்தில் கடல் அமைதியடைவதால் கரையோர ஊர்களில் நீச்சலும் தோணி ஓட்டமும் சேர்ந்துகொள்ளும். மே மாதத்துக்குப் பிறகு மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பகல் முழுவதும் அனலாக அடிக்கும். அந்தக் காலத்தில் பகல் ஆட்டங்களுக்குச் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தகவல் கிடைக்கும் இடங்கள்

எல்லே, கபடி போன்றவற்றுக்கு அரசாங்கத்தின் தேசிய விளையாட்டு விழா ஒரு நிச்சயமான வாய்ப்பு. அது பிரதேச மட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாகாணம் என்று ஏறித் தேசிய மட்டத்தில் முடிகிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். நகரத்தில் வசிப்பவர்கள் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, வெருகல் பகுதியினர் தத்தம் செயலகங்களுக்கும் போய், இவ்வாண்டு எந்த ஆட்டம் எந்த நாளில் எந்த மைதானத்தில் என்று கேட்டால் சொல்லுவார். பார்க்க வருகிறேன் என்று ஒருவர் தேடிவந்து கேட்பது அவருக்கும் மகிழ்ச்சியான செய்தியாகவே இருக்கும். நகரத்தில் மெக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் பெயர்கள்.

கழகங்களின் விழாக்களுக்குத் தகவல் வேறு வழியில் வரும். ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும்; சந்திக் கடைகளில் துண்டுப்பிரசுரம் ஒட்டப்பட்டிருக்கும். துண்டுப்பிரசுரத்தில் ஆரம்ப நேரம் பி.ப. 2.00 என்று இருந்தால், அது மங்கல விளக்கேற்றலின் நேரம். பிரதம அதிதி வந்து, மாலை அணிவித்து, வரவேற்புரை, தலைமையுரை முடியும்போது மூன்று மணி கடந்திருக்கும். நீங்கள் பார்க்க விரும்பும் போட்டி எத்தனையாவதாக வருகிறது என்பதை ஏற்பாட்டுக் குழுவில் ஒருவரிடம் கேட்டறிந்து அதற்கு அரை மணி முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது. வீட்டை விட்டு எவ்வளவு நேரம் முந்தி வருகிறீர்களோ அவ்வளவுக்கு வாங்கி உண்பதும் குடிப்பதும் கூடும்.

விதிகளை முன்பே படித்துக்கொள்ளுங்கள்

விதி தெரியாமல் பார்த்தால் எந்த ஆட்டமும் அரை மணியில் சலித்துவிடும்; சலித்த பிள்ளை ஐஸ்கிறீம் கேட்கும். விதியை முதல்நாள் இரவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைச் செலவைக் குறைக்கும் வழியாகவும் நான் கருதுகிறேன்.

எல்லே நம் நாட்டுக்கே உரிய ஆட்டம். மூங்கில் தடியால் டெனிஸ் பந்தை அடித்துவிட்டு, வட்டமாகக் குறிக்கப்பட்ட தரிப்பிடங்களைச் சுற்றி ஓடித் திரும்ப வேண்டும். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள். அடித்த பந்தை எதிரணி பிடித்துவிட்டாலோ, தரிப்பிடங்களுக்கு இடையில் ஓடும்போது பந்தால் எறிந்து உடம்பில் பட வைத்தாலோ ஆட்டமிழப்பு. ஆகவே பந்து எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டத்தின் பாதியைத் தவறவிடுவீர்கள். ஓடுபவர் முதுகை வளைத்து, நின்று, திசைமாற்றி எறியிலிருந்து தப்புவதுதான் கண்கொள்ளாக் காட்சி.

கபடியில் பக்கத்துக்கு 7 பேர். பாடிச் செல்பவருக்கு 30 விநாடி. ஆண்களுக்கு 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்ட இந்த ஆட்டத்தின் விதிகள் சர்வதேசப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரே சீராக இருப்பதால், இங்கே ஒரு முறை விளங்கிக்கொண்டால் அவற்றையும் பார்க்கலாம்.

கிளித்தட்டு அப்படியல்ல. ஊருக்கு ஊர் சிறு மாற்றங்கள் உண்டு. பக்கத்தில் நிற்கும் ஒரு வயதானவரிடம் கேட்பதே சரியான வழி. நிலத்தில் நீள்சதுரம் கீறி, நடுவால் ஒரு நெடுங்கோடும் குறுக்கே பல கோடுகளும் இடுவார்கள். குறுக்குக் கோடு ஒவ்வொன்றையும் ஒருவர் மறிப்பார். அந்த அணியின் தலைவரே கிளி. அவர் நடுக்கோட்டாலும் ஓடி மறிக்கலாம். எதிரணியினர் ஒரு கோட்டிலும் அடி வாங்காமல் பெட்டி பெட்டியாகக் கடந்து அடுத்த முனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். முனையைத் தொட்டுத் திரும்புபவர் பழம், இன்னும் போய்க்கொண்டிருப்பவர் காய். காயும் பழமும் ஒரே பெட்டிக்குள் அகப்பட்டுவிடக் கூடாது என்ற விதி இருக்கும் ஊர்களில், முன்னேற முடியாமலும் பின்வாங்க முடியாமலும் இருவர் அடுத்தடுத்த பெட்டிகளில் நின்று தவிக்க, கிளி நடுக்கோட்டில் அங்கும் இங்கும் பாய்வதைப் பார்க்கக் கிடைக்கும். அந்த நேரத்தில் கூட்டம் எழுப்பும் கூச்சலுக்கு எந்த நுழைவுச்சீட்டும் ஈடாகாது. கோடு கீறச் சுண்ணாம்பும் ஓடக் கால்களும் இருந்தால் போதும் என்பதால், ஒழுங்கு செய்பவருக்கு இதைவிடச் செலவு குறைந்த குழு ஆட்டம் வேறில்லை. இன்று அது பல ஊர்களில் அருகிவிட்டது என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

வழுக்கு மரத்தடியில் ஒரு பின்னேரம்

விழாவின் உயிர் வழுக்கு மரத்தில்தான் இருக்கிறது. அதைக் கடைசியில் வைப்பார்கள், ஏனென்றால் அது முடிந்ததும் சனம் கலைந்துவிடும். நேராக வளர்ந்த கமுகை வெட்டி, பட்டை சீவி, வழவழப்பாக இழைத்து, கிறீஸ் பூசி நட்டிருப்பார்கள். உச்சியில் ஒரு கொடி, கொடியோடு பரிசுப் பணம்.

முதலில் வரும் அணி பெரும்பாலும் தோற்கும். மரத்திலுள்ள கிறீஸ் முழுவதும் அவர்களுடைய சாரத்திலும் நெஞ்சிலும் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது அணிகள் மடியில் மண்ணைக் கட்டிக்கொண்டு வருவதைக் கவனியுங்கள். அடியில் பலசாலி ஒருவர் மரத்தை அணைத்து நிற்பார். அவருடைய தோளில் ஒருவர், அவருடைய தோளில் இன்னொருவர். மேலே இருப்பவர் மடியில் உள்ள மண்ணை அள்ளி மரத்தில் தேய்ப்பார். அந்த மண்ணும் கிறீஸும் சேர்ந்து கீழே இருப்பவரின் கண்ணிலும் வாயிலும் விழும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பார். கொடிக்கு ஒரு முழம் இருக்கும்போது மேலே உள்ளவரின் பெருவிரல் நடுங்கத் தொடங்குவதைப் பார்த்துவிட்டால், அதன் பிறகு உங்களால் வேறு பக்கம் திரும்ப முடியாது. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து விழும்போது சிரிக்காத முகம் ஒன்றையும் நான் கண்டதில்லை. விழுந்தவர்களே முதலில் சிரிப்பார்கள்.

தலையணைச் சமரில் குறுக்காகக் கட்டிய மரத்தில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தலையணை கொண்டு அடிப்பார்கள். கரையோர ஊர்களில் மரத்தைத் தண்ணீருக்கு மேலே கட்டுவார்கள். தலையணை ஒரு முறை நனைந்ததும் பாரமாகி அடியின் வேகம் மாறிவிடுகிறது; முதல் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இந்தப் பின்னேரத்துக்குச் செலவு எங்கே வருகிறது? முதலில் தண்ணீர். 2025 ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து போத்தல் தண்ணீருக்கு அதிகபட்ச சில்லறை விலை விதிக்கப்பட்டுள்ளது: 500 மில்லிலீற்றர் 70 ரூபா, 1 லீற்றர் 100 ரூபா. குளிரூட்டியதற்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் நான்கு பேர் கொண்ட குடும்பம் சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் நின்றால் அதற்கே சில நூறு ரூபா போய்விடும். வீட்டிலிருந்து 5 லீற்றர் கலனில் தண்ணீரும் தேசிக்காய்ச் சாறும் கொண்டுபோனால் அந்தச் செலவு இல்லை. அடுத்து வருவது நிழல். மைதானத்தைச் சுற்றி வேம்போ வாகையோ இருந்தால் அதன் நிழல் பிற்பகல் எந்தப் பக்கம் விழும் என்று கணித்துப் பாயை விரியுங்கள். ஒரு குடை அந்த நாளில் எந்தப் பழச்சாற்றையும்விட உதவும்.

மூன்றாவது செலவு பிள்ளைகளுடையது, அதைத் தடுக்க நினைப்பதே வீண். பலூன்காரரும் ஐஸ்பழ வண்டியும் கச்சான் கடையும் இல்லாத விழாவைப் பிள்ளை விழாவாகவே ஏற்றுக்கொள்ளாது. வீட்டை விட்டுப் புறப்படும்போதே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தொகையைக் கொடுத்து, இன்றைக்கு உனக்கு இவ்வளவுதான், எதை வாங்குவதென்று நீயே முடிவு செய் என்று சொல்லிவிடுங்கள். கையில் காசு இருக்கும் பிள்ளை ஒரு மணி நேரம் யோசிக்கும். அப்பாவின் பையில் காசு இருந்தால் யோசிக்காது.

சோற்றுப் பார்சல் வாங்குவதானால் மைதானத்து வாசலில் வாங்காமல் நகரத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். உண்டு முடித்த பின் லன்ச் சீட்டையும் பொலித்தீன் பையையும் கட்டாயம் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நம் நகரத்து மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பவை அல்ல. கடற்கரையிலும் மைதானத்திலும் வந்து மேய்கின்றன. சோற்று வாசனைக்குப் பொலித்தீனைத் தின்று அவை இறந்திருக்கின்றன. இந்த ஒரு விடயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

மைதானங்கள் பலவற்றில் கழிப்பறை வசதி இல்லை என்பதையும் முன்பே நினைத்துக்கொள்ளுங்கள். பெண்களும் முதியவர்களும் வருவதானால் பக்கத்தில் தெரிந்த வீடு, கோயில் மடம், பாடசாலை எது என்று முதலே பார்த்து வைப்பது அவசியம். இதை யோசிக்காமல் வந்துதான் பல குடும்பங்கள் இறுதிப் போட்டிக்கு முன்னரே ஓட்டோ பிடித்துத் திரும்புகின்றன.

எங்கே நிற்பது

கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு வெளியே. கயிறு இல்லாவிட்டால் கயிறு இருந்திருக்க வேண்டிய இடத்துக்கும் பத்தடி வெளியே. எல்லேயில் பந்து எந்தப் பக்கமும் பறக்கும். வழுக்கு மரம் சாய்ந்தால் அதன் உயரம் அளவுக்குச் சாயும், ஆகவே அந்த உயரத்துக்கு அப்பால் பாயை விரியுங்கள். மாட்டுவண்டிச் சவாரி பார்க்க வடக்கே போகிறவர்கள் முடிவுக் கோட்டுக்கு அப்பால் ஒருபோதும் நிற்கக் கூடாது. மாடுகள் கோட்டில் நிற்பதில்லை.

வேகப் போட்டிகளில் இது உயிர் சம்பந்தப்பட்டது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். ஓடுபாதையின் வெளிவளைவிலும், மேட்டிலிருந்து வாகனம் இறங்கும் இடத்திலும் நல்ல காட்சி கிடைக்கும் என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள்.

ஊரை விட்டு வெளியே போவதானால்

பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவை வாழ்நாளில் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கொக்குப் பட்டம், பெட்டிப் பட்டம், வௌவால் பட்டம் என்று நமக்குத் தெரிந்தவற்றோடு, கப்பல், விமானம், தேர், பறவை என முப்பரிமாணத்தில் கட்டிய பெரும் பட்டங்களும் அங்கே ஏறும். மணலில் கிடக்கும்போது இது எப்படிப் பறக்கும் என்று எண்ணவைக்கும் ஒன்றைப் பத்துப் பேர் தூக்கிப் பிடிக்க, நூலைப் பிடித்தவர் கடற்கரையோரமாக ஓட, அது எழும்பி நிற்கும். பார்ப்பது இலவசம்.

போய்வருவது இலவசம் அல்ல. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் ஏறத்தாழ 235 கிலோமீற்றர். அங்கிருந்து வல்வெட்டித்துறை இன்னும் 30 கிலோமீற்றர் அளவு. பொங்கல் காலையில் பஸ் குறைவாக ஓடும். ஓடுவனவற்றிலும் நிற்க இடம் இருக்காது. முதல் நாளே போய் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்குவதே மலிவு; பொங்கலும் அங்கேயே கிடைக்கும். வெறுங்கையோடு போகாமல், நிலாவெளிக் கருவாடோ தம்பலகாமத்துத் தயிரோ கொண்டுபோங்கள். விடுதி வாடகையைவிட அது எப்படியும் குறைவு. உறவினர் இல்லாதவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஹையேஸ் வான் பிடிக்கலாம். வான் பேசும்போது மூன்று விடயங்களை வாயால் பேசி முடிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்: எரிபொருள் யார் பொறுப்பு, சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு, மறுநாள் எத்தனை மணி வரை. சண்டை வருவதெல்லாம் இரண்டாவதில்தான்.

தெற்கே போகும் வழி இப்போது இலகுவாகிவிட்டது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன், அந்தக் கரைக்குப் போவதற்கே பாதைப்படகுக்குக் காத்துநிற்க வேண்டும். இப்போது மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்பு 130 கிலோமீற்றர் அளவுதான். மட்டக்களப்புப் பக்கத்தில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி எப்போதாவது நடக்கிறது என்று கேள்விப்பட்டால், அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும்; வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த வைரமான இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியாரும் இரு திசையில் இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும் வரை ஆட்டம். முறிந்த பிறகு வென்றவர்கள் தோற்றவர்களை வைது பாடுவதற்கு உரிமை உண்டு. அதைக் கேட்பதற்கென்றே நேரத்தோடு போவோரும் உண்டு. கோயில் சார்ந்த நிகழ்வு என்பதால் உடையும் நடத்தையும் அதற்கு ஏற்ப இருக்க வேண்டும். இது அரிதாக நடப்பது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

இன்னும் தெற்கே அறுகம்பேயில் அலைச்சறுக்கு. ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை காலம். 2019இல் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிகாண் போட்டி ஒன்றும் அங்கே நடந்தது. கரையில் நின்று பார்க்க ஒருவரும் பணம் கேட்கமாட்டார்கள், ஆனால் அந்தக் காலத்து அறை வாடகையும் உணவக விலையும் வெளிநாட்டவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பொத்துவில் நகரத்தில் தங்கி, அங்கேயே உண்டு, காலையில் ஓட்டோவில் போய் வருவது புத்தி. இதே விதி நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்கும் பொருந்தும். ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே அறை வாடகை எகிறிவிடும், ஆகவே பண்டாரவளையிலோ ஹற்றனிலோ தங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

காலியில் முன்பு யானைப் போலோ நடந்தது. 2007இல் யானை ஒன்று மிரண்டு ஓடி, ஆட்டக்காரரைக் காயப்படுத்தி, வெளிநாட்டு அணி ஒன்றின் சிறிய பஸ்ஸையும் நொறுக்கியதோடு அது நின்றுபோனது. பின்னர் 2016இல் யானைக்குப் பதிலாக முச்சக்கர வண்டியில் அமர்ந்து அதே ஆட்டத்தை ஆடத் தொடங்கினார்கள்: சாரதி ஓட்ட, பின்னால் இருப்பவர் நீண்ட மட்டையை வெளியே நீட்டிப் பந்தை அடிப்பார். யானை இந்த ஆட்டத்திலிருந்து விடுபட்டது மிக நல்லது. ஆனால் காலி நமக்குத் தீவின் மறுமூலை. கொழும்பில் வேறு வேலை இருந்தால் ஒழிய இதற்காக மட்டும் போவது கட்டுப்படியாகாது.

கடல் கடந்து போக ஆசைப்படுவோருக்கு

இங்கிலாந்தின் குளொஸ்டர் அருகே கூப்பர்ஸ் ஹில் என்னும் செங்குத்தான மலைச்சரிவில், மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, வட்டமான சீஸ் கட்டி ஒன்றை உருட்டிவிட்டு அதன் பின்னால் மனிதர்கள் பாய்ந்து, விழுந்து, உருண்டு இறங்குகிறார்கள். முதலில் அடிவாரம் சேருபவருக்கு அந்தச் சீஸே பரிசு. வேல்ஸின் லான்ர்டிட் வெல்ஸ் என்ற சிற்றூரில் சதுப்பு நிலத்தில் வெட்டிய 60 யார் வாய்க்காலில், சுவாசக் குழாயும் காற்செட்டையும் அணிந்து, கையால் நீந்தாமல் இரு முறை கடக்கும் போட்டி 1985 முதல் நடக்கிறது. பின்லாந்தின் சொன்கயார்வியில் மனைவியைத் தோளில் சுமந்துகொண்டு 253.5 மீற்றர் தூரத்தைத் தடை தாண்டி ஓடும் உலகப் போட்டி 1992இல் தொடங்கியது. வென்றவருக்கு மனைவியின் எடைக்கு எடை பியர் கொடுக்கிறார்கள். வழுக்கு மரத்தில் மண்ணைத் தின்று நிற்கும் நம் பையன்களைப் பார்த்த கண்ணுக்கு இவை எதுவும் விசித்திரமாகத் தெரியாது.

ஆனால் சுமைகூலி முழுப்பணம் ஆகும் இடம் இதுதான். பிரித்தானிய விசாவுக்கு 100 பவுணுக்கு மேல் கட்டணம். விரலடையாளம் கொடுக்கவே கொழும்புக்கு ஒரு பயணம். பிறகு கட்டுநாயக்காவிலிருந்து விமானச்சீட்டு. சீஸ் உருளுவதைப் பார்க்க மட்டும் இவ்வளவும் கொடுக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். திருகோணமலையில் பாதிக் குடும்பங்களுக்கு லண்டன் பக்கத்தில் ஓர் அண்ணரோ மருமகளோ இருக்கிறார்கள். அங்கே கல்யாணத்துக்கோ பட்டமளிப்புக்கோ போகும் வாய்ப்பு வந்தால், நாளை மே மாதக் கடைசிக்குப் பார்த்து வையுங்கள் என்று இப்போதே சொல்லிவைத்தால் போதும். லண்டனிலிருந்து குளொஸ்டருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் அளவுதான்.

கழகத்துக்குக் கொடுப்பது

நுழைவுக் கட்டணம் இல்லாத விழாவை ஊர் இளைஞர்கள் வீடு வீடாக வந்து சேர்த்த நன்கொடையில்தான் நடத்துகிறார்கள். ஆகவே உங்கள் வரவு செலவில் இதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருபவரிடம் கொடுத்துச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். விழாவுக்குப் பிறகு கொடுப்பதைவிட இரண்டு கிழமை முன்பு கொடுப்பது அவர்களுக்குப் பல மடங்கு உதவும், ஏனென்றால் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் முற்பணம் அப்போதுதான் கட்ட வேண்டும். காசாகக் கொடுக்க விரும்பாதவர்கள் பொருளாகக் கொடுக்கலாம். கேடயமும் வெற்றிக்கிண்ணமும் தருவதற்கு வர்த்தகர்கள் வரிசையில் நிற்பார்கள். கயிறிழுத்தலுக்கு நல்ல வடம், எல்லேக்கு ஒரு பெட்டி டெனிஸ் பந்து, காயத்துக்கு மருந்துப் பெட்டி, வழுக்கு மரத்தின் அடியில் பரப்ப நான்கு மூடை ஆற்று மணல் ஆகியவற்றைத் தருவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. கழகச் செயலாளரிடம் என்ன குறைகிறது என்று கேட்டு, அதை வாங்கி, விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் மைதானத்தில் நேரில் ஒப்படையுங்கள். மரம் நடும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். ஒரு கை பிடிக்கவும் கூப்பிடுவார்கள், ஆகவே பழைய சாரமொன்றைக் கட்டிக்கொண்டு போங்கள்.